மேகம் உள்ள கேறுது

ஷைனா டம்ளரை இடது கையில் பிடித்திருந்தாள்.

கிருத்திக் வீடியோவை நிறுத்தப் போனான். அதற்குள் பிரவுசர் செயலிழந்து விழுந்துவிட்டது. அது விழத்தான் வேண்டும், அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். ஆனாலும் கருத்துப்போன திரையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். ஷைனா வலது கைக்காரி. இடது கையால் ஒரு பொட்டுகூட ஒட்டத் தெரியாதவள். படம் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பான். அவளுக்குப் பின்னால் தொங்கிய காலண்டரில் எழுத்துகள் நேராகத்தான் இருந்தன. பின்வாசல் கதவும் அது இருக்க வேண்டிய பக்கத்தில்தான் திறந்து கிடந்தது. கை மட்டும் மாறியிருந்தது.

வெளியே மழை விட்டிருந்தது, ஆனால் ஃபெர்ன்ஹில்லில் ஜூலை மாதத்தில் மழை விடுவது என்பது ஒரு பேச்சுக்குத்தான். சைப்ரஸ் மரங்கள் தங்கள் பங்குக்குச் சொட்டிக்கொண்டிருந்தன, கூரைத் தகரத்தில் அந்தச் சொட்டு விழும் சத்தமும், மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டர் மிஷினின் காற்றாடி இரையும் சத்தமும், காயாத கம்பளியின் வாடையும், சுவரில் ஏறிய பூஞ்சையின் வாடையும் சேர்ந்து அறையை நிறைத்திருந்தன. மத்தியானம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது.

வீட்டுக்கார மரகதம் அக்கா, அவனும் ஷைனாவும் குடிவந்த புதிதில், வயசுப் பையன் எந்நேரமும் வீட்டிலேயே கிடக்கிறானே என்று கவலைப்பட்டு ஒருநாள் கேட்டேவிட்டாள். "என்னங்க தம்பி வேலை உங்களுக்கு?"

"வீடியோவ உடைக்கறதுங்க்கா."

அதற்குக்கூடவா சம்பளம் தருவார்கள் என்று அவள் நம்பவில்லை. திருட்டு சினிமா விற்கிறான் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தாள்.

பொய் சொல்லவில்லை அவன். பிரவுசரில் ஒரு வீடியோ ஓட வேண்டுமென்றால், அதைப் பிரித்து மெமரியில் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் அடுக்க வேண்டும். கோணலான வீடியோ வந்தால் அடுக்கும் வேலை தடுமாறும். தன் மனையைத் தாண்டிப் பக்கத்து மனையில் சுவர் எழுப்பிவிடும். உள்ளே நுழையக் காத்திருக்கும் திருடனுக்கு அது போதும். அந்த ஓட்டைகளைத் திருடனுக்கு முன்னால் கண்டுபிடிப்பதுதான் கிருத்திக்கின் கம்பெனிக்குத் தொழில். ஒரு நல்ல வீடியோவை எடுத்து, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் கிள்ளிக் கெடுத்து, பிரவுசரில் ஓடவிட்டு, விழுகிறதா என்று பார்ப்பது. விழவில்லையென்றால் வேறு விதமாகக் கெடுப்பது. மேஜைக்கு அடியில் இருந்த மிஷின் இரவு பகலாக அதைச் செய்தது. மணிக்கு ஆயிரக்கணக்கில் உடைக்கும்.

உடைப்பதற்கு ஒரு மூல வீடியோ வேண்டும். சின்னதாக, ஆனால் வெளிச்சம், அசைவு, சத்தம் மூன்றும் உள்ளதாக. அவன் ஷைனாவைக் கொடுத்தான்.

ஜனவரியில் புதுப் போன் வாங்கிய அன்று சும்மா எடுத்தது அது. மலைச்சரிவில் கட்டிய வீடு, முன்பக்கம் மாடி என்றால் பின்பக்கம் தரை. சமையலறையை ஒட்டிய பின்வாசல் நேராகச் சரிவுக்குத் திறக்கும். அவன் மேஜையிலிருந்து போனைத் தூக்கிப் பிடிக்க, ஷைனா டீ டம்ளரோடு சமையலறை நிலையில் வந்து நின்றாள். பின்வாசல் வழியாக வெள்ளையாக மேகம் தரையோடு நுழைந்துகொண்டிருந்தது. "கிருத்தி, கதவு சாத்து. மேகம் உள்ள கேறுது" என்றாள். போனைப் பார்த்ததும் டம்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அவ்வளவுதான் வீடியோ.

அவள் கூடலூர்க்காரி. ஏறுவது எல்லாமே அவளுக்குக் கேறுவதுதான். "மேகம் என்ன பஸ்லயா கேறுது?" என்று கோயமுத்தூர்க்காரனான அவன் எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறான். தன் படத்தை வைத்து அவன் என்ன செய்கிறான் என்று தெரிந்ததும் அவள் அவன் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, திரையில் தான் சிதறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வலிக்காம உடை" என்றாள்.

ஜூன் மாதக் காற்றில், பாடம் எடுக்கும் பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும்போது தலைகுந்தா ரோட்டில் யூகலிப்டஸ் கற்பூர மரம் ஒன்று அவள் ஸ்கூட்டர்மேல் விழுந்தது. கிருத்திக் மழையில் ஓடினான். கையில் இருந்த போன் அன்றைக்கே நனைந்து செத்தது. வீட்டை எதிர்த்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள் என்பதால் கல்யாண வீடியோ கிடையாது. மாலையோடு எடுத்த ஒரே போட்டோவில் அவள் கண்ணை மூடியிருந்தாள். கேமராவைக் கண்டாலே ஓடுபவள். அண்ணன்கள் வந்து உடலைக் கூடலூருக்குக் கொண்டுபோய், அங்கே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பெட்டியை மூடியேதான் வைத்திருந்தார்கள். ஒரு தடவை திறக்கச் சொல்லி அவன் கெஞ்சியபோது, அதுவரை அவனோடு ஒரு வார்த்தை பேசியிராத பெரியண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் முறையாக மச்சான் முறை சொல்லிக் கூப்பிட்டான்.

"வேண்டாம் அளியா. மனசுல இருக்குற முகமே இருக்கட்டும்."

மனசில் அது இருக்கவில்லை. அதுதான் கொடுமை. ஒவ்வொரு நாள் காலையிலும் ஏதோ ஒன்று குறைந்தது. புருவம் எப்படி முடியும், சிரித்தால் எந்தக் கன்னம் முதலில் குழியும், எல்லாம் போய்க்கொண்டே இருந்தது. வீட்டுக்கு ஓடிவந்து மிஷினில் மூல வீடியோவைத் தேடினான். உடைந்த பிரதி மூலத்தைவிட நன்றாக வேலை செய்தால் அதை வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடு என்று மிஷினுக்கு ஒரு உத்தரவு உண்டு. இடம் மிச்சம் பிடிப்பதற்காக அதைப் போட்டவன் அவன்தான். அவன் மருத்துவமனை வாசலில் நின்ற நேரத்திலும், கூடலூரில் மண் தள்ளிய நேரத்திலும் மிஷின் உத்தரவு தவறாமல் அவளை உடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. மிச்சம் இருந்தவை எல்லாம் உடைசல்கள். ஒன்றில் வாய் இருந்த இடத்தில் பச்சைக் கட்டம். ஒன்றில் நெற்றி தோளுக்குச் சரிந்திருந்தது. ஒன்றில் "க" என்ற ஒரே எழுத்து நிற்காமல் ஓடியது.

அந்த உடைசல்களில் ஒன்றுதான் போன வாரம் ஓட்டையைக் கண்டுபிடித்தது. மற்ற எதிலும் திறக்காத ஃபைல், பிரவுசரில் போட்டால் ஓடியது. பிரவுசர் விழுவதற்கு முன்னால் கிடைத்த சில நொடிகளில் ஷைனா முழுசாக வந்து நின்றாள். சேலை, பின்னல், கால் விரல் வரைக்கும். முகம் மட்டும் டம்ளருக்குப் பின்னால்.

அன்று அவன் மேஜையில் தலையை வைத்து அழுதான். ஒரே தடவை அந்த டம்ளர் கீழே இறங்கினால் போதும் என்று இருந்தது அவனுக்கு. ஒரே தடவை அந்த முகத்தைப் பார்த்து மனசில் எழுதிக்கொண்டால் மிச்ச ஆயுளை ஓட்டிவிடலாம்.

ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் படம் கொஞ்சம் மாறியது. அதற்குக் காரணம் உண்டு என்று அவனுக்குத் தெரியும். பிரவுசர், காலி செய்த மெமரியைத் துடைக்காமல் மறுபடி எடுத்துப் பயன்படுத்தியது. வாடகை வீட்டில் முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஆணிகள் மாதிரி, பழைய படங்களின் துண்டுகள் அதில் ஒட்டியிருக்கும். கை மாறியதும் அப்படி ஏதாவது இருக்கும். இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி ஓட்டினான்.

செத்த போனுக்குப் பதில் வாங்கிய போன் அடித்தது. பெங்களூரிலிருந்து ரேணுகா, அவன் டீமுக்குத் தலைவி.

"கிருத்திக், அந்த சாம்பிள் ஃபைல இன்னும் அனுப்பலையே. இது கிரிட்டிகல்ப்பா. வெளியில யாரோ இதே ஓட்டைய ஏற்கெனவே யூஸ் பண்றாங்கன்னு பேச்சு. ஒரு வீடியோ ஓடினாலே உள்ள வந்துடறாங்க."

"நாளைக்கு அனுப்பறேன்."

"இன்னிக்கு சாயங்காலம். ஃபைல் கைல கிடைச்சா பிரவுசர்காரங்க ராத்திரிக்குள்ள அடைச்சுடுவாங்க."

"அடைச்சதுக்கு அப்புறம் இந்த ஃபைல் ஓடாதில்ல?"

"எதுலயும் ஓடாது. உன் மிஷினையும் நிறுத்திட்டு வேற வேலைக்கு மாத்திடுவோம்." குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள். "நீ ஓகேதானே?"

ஓகே என்று சொல்லி வைத்துவிட்டான். மெயிலைத் திறந்து ஃபைலை இணைத்தான். அனுப்பவில்லை. ஊரில் யாருடைய கம்ப்யூட்டரிலோ யாரோ நுழைந்து எதையோ எடுக்கட்டும், தனக்கு ஒரு முகம் வேண்டும் என்று நினைத்தான். நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே மறுபடி ஓட்டினான்.

இந்த முறை அவள் பழுப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

கிருத்திக்கின் விரல் விசையில் நின்றுவிட்டது. அது மார்ச்சில் திபெத்காரர்கள் கடையில் வாங்கியது. வீடியோ எடுத்தது ஜனவரி. மார்ச்சுக்குப் பிறகு அவளை எந்தக் கேமராவும் படம் எடுக்கவில்லை. அந்த ஸ்வெட்டரோடுதான் கடைசி நாள் பள்ளிக்கூடம் போனாள். எந்தக் குடித்தனக்காரர் விட்டுப்போன ஆணி இது?

"கிருத்தி, கதவு சாத்து" என்றாள். கிண்டலும் சிரிப்பும் இல்லாத குரல். பிரவுசர் விழுந்தது.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மரகதம் அக்கா ஒரு தூக்குப் போசியோடு முன்வாசலில் நின்றாள்.

"அரிசிம்பருப்புச் சோறுங்க தம்பி. சூடா இருக்குது, இப்பவே உண்டுபோடுங்க." உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஊட்டுக்கு ஆரோ வந்திருக்காங்களாட்டமிருக்குது?"

"யாரும் இல்லீங்க்கா."

"இல்லீங்க, பொம்பளைங்க பேசற சத்தம். ஒருத்தரில்ல, நாலஞ்சு பேரு. காலைல இருந்து கேக்குது. உங்க கூடலூர்ச் சனம் வந்திருக்காங்கன்னு சோத்தையும் கூடப் போட்டு எடுத்தாந்தேன்."

"வீடியோங்க்கா."

அவள் தலையாட்டினாள். நம்பினாளோ இல்லையோ, அவன் தாடியையும் கண்ணையும் பார்த்துவிட்டுப் போசியை அவன் கையில் கொடுத்தாள். திரும்பும்போதுதான் சொன்னாள். "பின்வாசலத் தெறந்தே போட்டுடறீங்க தம்பி. சொவரெல்லாம் ஓதம் புடிச்சுப் போச்சு. கதவச் சாத்தி வெய்யுங்க."

காலையில் தாழ் போட்ட கதவு அது. போய்ப் பார்த்தான். விரியத் திறந்து கிடந்தது. சரிவில் ஒன்றும் தெரியவில்லை, வேலி தெரியவில்லை, துணி காயும் கொடி தெரியவில்லை. வெள்ளை மட்டும் வாசற்படி வரைக்கும் வந்து, அழைப்புக்குக் காத்திருப்பதுபோல் அங்கேயே நின்றது. நசுங்கிய கற்பூர இலையின் வாடை அடித்தது, அன்றைக்கு ரோட்டில் அடித்த அதே வாடை, மண்ணும் பெட்ரோலும் கலந்து. கதவைச் சாத்தித் தாழ் போட்டான். மேஜைக்குத் திரும்பினான்.

ஓட்டினான். அவள் முகத்தை மறைத்த டம்ளர் கொஞ்சம் இறங்கியிருந்தது. நெற்றி தெரிந்தது. அவளுடைய நெற்றிதான், வகிடு பக்கத்தில் சின்ன வயசில் விழுந்த தழும்பு.

ஓட்டினான். புருவம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால், படத்தில் இருந்த பின்வாசலில், மேகத்துக்குள் யாரோ நின்றார்கள்.

ஓட்டினான். கண்கள். அழுத கண்கள். நேராக அவனைப் பார்த்தன. பின்னால் நின்றது இப்போது இரண்டு பேர். மூன்றாவதாக ஒருத்தி சரிவிலிருந்து ஏறிவந்துகொண்டிருந்தாள். மூன்று பேரும் ஒரே சேலை. மூன்று பேர் கையிலும் டம்ளர். அந்த மூவரில் முன்னால் நின்றவளுக்கு வாய் இருந்த இடத்தில் பச்சைக் கட்டம்.

அவனுக்கு அவளைத் தெரிந்தது. தன் ஃபோல்டரில் பார்த்தவள்.

அடுத்தவளுக்கு நெற்றி தோளில் இருந்தது. அவளையும் தெரிந்தது. வரிசையாக எல்லோரையும் தெரிந்தது. ஒவ்வொருத்தியையும் உடைத்து உடைத்துப் பெயர் போட்டு அடுக்கியவன் அவன்தானே.

"சாத்து" என்றாள் சமையலறை நிலையில் நின்ற ஷைனா. "கிருத்தி. கதவு சாத்து."

பிரவுசர் விழவில்லை. இதுவரை விழாமல் இருந்ததே இல்லை. படம் நிற்காமல் ஓடியது.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அவள் பின்வாசலைச் சொல்லவில்லை. இத்தனை நாளும் அவள் கெஞ்சியது இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி. மெயில் திறந்தே இருந்தது, ஃபைல் இணைத்தே இருந்தது. ஒரு தட்டு. அதோடு எல்லாம் அடைபடும். அவளும் அடைபடுவாள். டம்ளருக்குக் கீழே இன்னும் பாதி முகம் பாக்கி இருந்தது.

அனுப்பும் பொத்தானில் அம்புக்குறியை வைத்தான்.

"இன்னும் ஒரே ஒரு தடவ, ஷைனா" என்றான். "முழுசாப் பாத்துட்டு அனுப்பிடறேன். சத்தியமா."

ஓட்டினான்.

நிலை காலியாக இருந்தது. காலண்டர் இருந்தது. கதவு திறந்திருந்தது. டம்ளர் தரையில் உருண்டு கிடந்தது. ஆள் இல்லை. படத்துக்குள் யாருமே இல்லை.

சமையலறையில் தாழ் விலகும் சத்தம் கேட்டது.

பிறகு கீல்.

குளிர் முதலில் காலுக்கு வந்தது. தரையோடு வெள்ளையாக, மேஜைக் காலைச் சுற்றி, மிஷினைச் சுற்றி. பிறகு வாடை. கற்பூர இலை. பெட்ரோல். பிறகு ஈரக் கால் தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம். ஒன்று. இன்னொன்று. நிறைய.

"க" என்றது ஒரு குரல். "க. க. க."

"தவு" என்றது வேறொன்று, அறையின் மறு மூலையில்.

"வலி" என்றது ஒன்று. அதற்கு மேல் அதற்கு வரவில்லை. "வலி. வலி."

அவன் திரும்பினான்.

சமையலறை நிறைய ஷைனா. நிலைக்குள் இடமில்லாமல் ஒருத்தியை ஒருத்தி நெருக்கிக்கொண்டு. கட்டம் கட்டமாகப் பிரிந்தவள். பாதியில் நின்றவள். சிரிக்கத் தொடங்கிச் சிரிப்பை முடிக்க முடியாமல் கன்னம் துடித்துக்கொண்டே இருந்தவள். எல்லோரும் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எது அவள் என்று அவன் தேடினான். ஒரு முகம், ஒரே ஒரு சரியான முகம். இருக்கவில்லை. இருந்தாலும் இனிமேல் அவனுக்கு அடையாளம் தெரியாது. அதை நினைத்ததும் பயத்தை மீறிக்கொண்டு அழுகை வந்தது.

"மன்னிச்சுடு" என்றான். யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் எல்லோரையும் பார்த்துச் சொன்னான்.

கூட்டம் விலகியது.

பின்வாசலிலிருந்து ஒருத்தி வந்தாள். பழுப்பு ஸ்வெட்டர். தோளில் கற்பூர மரப் பட்டை. அவளுக்கு முகமே இல்லை. பெட்டியை ஏன் திறக்கவில்லை என்று அவனுக்கு இப்போது தெரிந்தது. ஆனால் அந்த நடை. இடது செருப்பை லேசாகத் தேய்த்து, பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக் களைத்து, வீடு வந்ததும் முதலில் அவன் பக்கம் திரும்பும் அந்த நடை. டம்ளர் வலது கையில் இருந்தது.

அவன் எழுந்தான். அவர்களுக்கு நடுவே நடந்தான். ஒருத்தியும் தொடவில்லை, போகும்போது எல்லாத் தலைகளும் அவனோடு திரும்பின. பின்வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்தினான். தாழ் போட்டான்.

"சாத்திட்டேன், ஷைனா" என்றான்.

முகம் இருக்க வேண்டிய இடத்துக்கு அவன் இரண்டு கைகளையும் கொண்டுபோனான். அது ஈரமாக இருந்தது. அவள் தன் பழைய வழக்கப்படி அந்தக் கைகளுக்குள் சாய்ந்துகொண்டாள்.

மேஜையில் மெயில் அனுப்பப்படாமல் திறந்திருந்தது. மேஜைக்கு அடியில் மிஷின் அவளுடைய பிரதி ஒன்றை உடைத்தது.

பின்வாசல் கதவை வெளியே யாரோ மெதுவாகத் தட்டினார்கள். மிஷின் இன்னொன்றை உடைத்தது. இன்னொரு கை தட்டியது. அடுத்து இன்னொன்று. கதவின் உயரம் முழுக்க, அகலம் முழுக்க, பிறகு சுவர் முழுக்க.